நிற்றலும் நில்லாமையும்: பனிமலைக்குப் போகும் வழியில் வண்டி நிறுத்தத் தகும் இடங்கள் குறித்த ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

லாஸ் ஏஞ்சலஸிலிருந்து மம்மத் மலையின் பனிச்சறுக்குத் தளத்துக்குச் சாலை வழியே ஏறத்தாழ 300 மைல். வழிகாட்டும் செயலி இதற்கு ஐந்து மணி நேரம் என்கிறது. இரண்டு குழந்தைகள், ஒரு பாட்டி, ஒரு தூக்குவாளி புளியோதரை ஆகியவற்றோடு கிளம்பிய எந்தக் குடும்பமும் அந்நேரத்துக்குள் போய்ச் சேர்ந்ததாகச் சான்று இல்லை. மிகுந்த நேரம் எங்கே செலவாகிறது, அந்தச் செலவில் தகுவது எது, தகாதது எது என்பதே இவ்வாய்வின் பொருள். ‘நிறுத்தங்கள் அனைத்துக்கும் மூலகாரணம் நீர்’ என்பது கருதுகோள். ஆய்வின் தொடக்கத்தில் அந்த நீர் பயணிகளின் வயிற்றில் மட்டுமே இருந்தது. ஆய்வு வடக்கு நோக்கி நகர நகர, வேறு இடங்களிலும் அகப்பட்டது.

1. களமும் எல்லையும்

ஆய்வுக்களம் 5ஆம் எண் விரைவுச்சாலையில் தொடங்கி, 14ஆம் எண் சாலையில் பாலைவனம் ஏறி, 395ஆம் நெடுஞ்சாலையில் சியரா நெவாடா மலைத்தொடரின் கிழக்கு அடிவாரத்தை ஒட்டி வடக்கே செல்வது. காலம், டிசம்பர் முதல் மார்ச் வரை.

இரு சாரார் ஆய்விலிருந்து விலக்கப்பட்டுள்ளனர். முதலாமவர், விமானத்தில் செல்வோர். இவர்களுக்கு இடைவழி என ஒன்று இல்லை. இரண்டாமவர், நள்ளிரவில் கிளம்பி, டப்பா டப்பாவாக எனர்ஜி டிரிங்க் குடித்து, ஒரே மூச்சில் ஓட்டி, சறுக்குத்தள லிஃப்ட் திறக்கும் முன்பே வாசலில் நிற்கும் இளைஞர்கள். இவ்வளவு குடித்தும் நிற்காமல் வருவதால் இவர்கள் மருத்துவ ஆய்வுக்கு உரியவர்கள்.

எஞ்சியது குடும்பம். ஓட்டுநராக அப்பா, பக்கத்து இருக்கையில் அம்மா, நடுவில் பிள்ளைகள், பின்னால் ஜன்னலோரம் ஆறு மாத விசாவில் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்திருக்கும் பாட்டி. இந்த அமைப்பு தென் கலிஃபோர்னியாவில் பரவலாகக் கிடைப்பதால் தரவுக்குப் பஞ்சமில்லை.

2. முன்னோர் கருத்து

பனிமலைக்கென்று பண்டைத் தமிழில் திணை இல்லை. ஐந்திணை வகுத்தவர்கள் பனிச்சறுக்குப் பலகையை வாடகைக்கு எடுத்ததில்லை என்பதால் இதைக் குறையாகக் கொள்ள வேண்டியதில்லை. எனினும் தொல்காப்பியர் ஓரிடத்தில் நமக்கு உதவுகிறார். பாலைக்குரிய பொழுதாக வேனிலைச் சொன்னவர், அதோடு விடாமல் பின்பனியும் அதற்கு உரியது என்கிறார். பின்பனி என்பது மாசியும் பங்குனியும். கொளுத்தும் பாலைக்குப் பனிக்காலத்தை ஏன் சேர்த்தார் என்பதை விளக்க உரையாசிரியர்கள் பாடுபட்டார்கள். மாசி மாதத்தில் 395இல் வடக்கே ஓட்டினால் அந்தப் பாடு தேவையில்லை. வலப்பக்கம் முள்ளும் மணலும், இடப்பக்கம் வெண்பனி போர்த்த மலை. இரண்டுக்கும் நடுவே நம் டொயோட்டா.

பாலையின் உரிப்பொருள் பிரிவு. இங்கே பிரியப்படுவது அலைபேசிச் சமிக்ஞை. அது பிரிந்ததும் நடு இருக்கையில் எழும் ஆற்றாமையைத் தனி இயலாகவே எழுதலாம். பக்கக் கட்டுப்பாடு கருதி விடப்படுகிறது.

3. நிறுத்தத்தின் இலக்கணமும் வகையும்

சக்கரம் ஓய்ந்து, கதவு திறந்து, ஒருவரேனும் தரையில் கால் வைத்தால் அது நிறுத்தம் எனப்படும். சிவப்பு விளக்குக்கு நிற்பதும், முன்னே போகும் வண்டிகள் தேங்கியதால் நிற்பதும் நிறுத்தமாகா. அங்கே கால் வைப்பவர் பயணி அல்லர், பாதசாரி.

இது நான்கு வகைப்படும்.

முதலாவது இயற்கை நிறுத்தம். காரணம் வெளிப்படை. “அப்பா, எனக்கு வருது” என்னும் ஒற்றை வாக்கியத்தால் தோன்றி, ஓய்விடத்தில் முடிவது. “கிளம்புறப்போ போயிட்டு வான்னு சொன்னேன்ல?” என்பது இதன் பின்னிணைப்பு.

இரண்டாவது ஆசை நிறுத்தம். காட்சி, காப்பி, ரொட்டி, புகைப்படம் ஆகியவை பொருட்டு நிகழ்வது.

மூன்றாவது ஆணை நிறுத்தம். அரசு நிறுத்தினால் நிற்பது. வேகத்துக்காகக் காவலர் நிறுத்துவதும், சக்கரத்துக்குச் சங்கிலி பூட்டச் சொல்லிச் சாலைத் துறை நிறுத்துவதும் இதில் அடங்கும்.

நான்காவது வாக்குறுதி நிறுத்தம். “திரும்பி வரும்போது பார்த்துக்கலாம்மா” என்று ஓட்டுநரால் உண்டாக்கப்படுவது. எண்ணிக்கையில் மற்ற மூன்றையும் விட மிகுதி. நிகழ்ந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை.

4. இரு கொள்கையர்

வண்டிக்குள் இரண்டு தத்துவப் பள்ளிகள் இயங்குகின்றன. ஓட்டுநர் நில்லாமைக் கொள்கையர். செயலி காட்டும் வந்துசேரும் நேரத்தை அவர் வாழ்நாள் சேமிப்பைப் போலக் காக்கிறார். வழியில் நான்கு நிமிடம் மிச்சப்படுத்தினால் முகத்தில் ஒளி வரும். அந்த நான்கு நிமிடத்தைப் போய்ச் சேர்ந்ததும் என்ன செய்யப்போகிறார் என்ற வினாவுக்கு இக்கொள்கையில் விடை இல்லை.

எதிர்ப்பள்ளி நிற்றல் கொள்கை. இதன் தலைமை அம்மாவிடம் உள்ளது. “வந்ததே பார்க்கத்தானே, பறந்துகிட்டே போறதுக்கா?” என்பது மூலச் சூத்திரம். பாட்டி எந்தப் பள்ளியையும் சேராதவர். அவர் கேள்விகள் மட்டும் கேட்கிறார். இவ்வாய்வின் முதன்மைக் கண்டுபிடிப்பு அவர் கேட்ட ஒரு கேள்வியிலிருந்து பிறந்தது என்பது உரிய இடத்தில் கூறப்படும்.

5. கள ஆய்வு

5.1 சில்மார்: நில்லாமல் காண்பது

5ஆம் எண் சாலையிலிருந்து 14க்குப் பிரியும் முன், சில்மார் பக்கத்து மலைச்சரிவில், படிக்கட்டில் இறங்குவதுபோல் ஒரு நீர்த்தாரை தெரியும். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் இதை அலங்கார நீரூற்று என்று நினைத்துக் கடக்கிறார்கள். விரைவுச்சாலையில் நிற்க முடியாது என்பதால் இது நிறுத்தம் ஆகாது. ஆனால் ஆய்வு இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். 1913 நவம்பர் 5ஆம் நாள், வில்லியம் மல்ஹாலண்ட் கட்டிய கால்வாயில் ஓவன்ஸ் பள்ளத்தாக்கின் தண்ணீர் 233 மைல் பயணம் செய்து லாஸ் ஏஞ்சலஸுக்கு வந்து இறங்கிய இடம் இது. வழி முழுவதும் எங்கும் பம்ப் இல்லை. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு வரும் தன் இயல்பாலேயே தண்ணீர் மலையும் பாலையும் கடந்தது.

அதாவது நாம் எந்த வழியில் ஏறப்போகிறோமோ அந்த வழியில் நமக்கு முன்பே ஒன்று இறங்கி வந்துகொண்டிருக்கிறது. அது நிற்பதில்லை. நில்லாமைக் கொள்கையின் முதல் ஆசான் அதுவே.

5.2 மொஹாவி முதல் சிவந்த பாறை வரை

மொஹாவி ஊரில் பெட்ரோல் போட வேண்டும். இங்கே நிற்பதற்கு ஓட்டுநரே உடன்படுவார், காரணம் அவர் வண்டிக்கும் தாகம் எடுக்கும். விமான நிலையத்தில் ஓய்வு பெற்ற பெரிய விமானங்கள் வெயில் காய்வது சாலையிலிருந்தே தெரியும். 2004இல் தனியார் பணத்தில் மனிதனை விண்ணுக்கு அனுப்பிய முதல் கலமான ஸ்பேஸ்ஷிப்ஒன் பறந்ததும் இங்கிருந்துதான். பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் இரண்டு நிமிடம் அமைதி கிடைக்கும்.

வடக்கே ஜாபோன் பள்ளத்தாக்கில் அதே கால்வாய் பெருத்த இரும்புக் குழாயாக மாறி மலையிலிருந்து இறங்கி, எதிர்மலையில் ஏறுகிறது. இறங்கிய நீரின் அழுத்தமே அதை மறுபக்கம் ஏற்றுகிறது. அந்தக் குழாய்த் துண்டுகளை இழுத்து வந்தவை கோவேறு கழுதைகள். அடுத்து ரெட் ராக் கேன்யன். சிவப்பும் வெள்ளையுமாக அடுக்கடுக்காக அரிக்கப்பட்ட பாறைச்சுவர்கள். ‘ஜுராசிக் பார்க்’ படத்தில் எலும்பு தோண்டும் காட்சி எடுக்கப்பட்டது இங்கே. ஆசை நிறுத்தத்துக்குத் தகும். கழிப்பறை உண்டு என்பதால் இயற்கை நிறுத்தத்துக்கும் தகும். ஒரே இடத்தில் இரு வகையும் கூடுவது அரிது.

5.3 நீரில்லா அருவி

395இல் சேர்ந்த பின், கோசோ ஜங்ஷன் ஓய்விடத்துக்குச் சற்று முன்பாக, வலப்பக்க மண்சாலையில் கொஞ்ச தூரம் போனால் ஃபாசில் ஃபால்ஸ். கரிய எரிமலைப் பாறையில் ஆளுயரக் குழிகளும் வழவழப்பான வளைவுகளுமாக ஒரு பள்ளம். கைவைத்தால் ஆட்டுக்கல்லின் உட்புறம்போல் இருக்கும். பனியூழிக் காலத்தில் ஓவன்ஸ் ஏரி நிரம்பி வழிந்தபோது ஓடிய ஆறு, கூழாங்கற்களைச் சுழற்றிச் சுழற்றி இந்தக் குழிகளைக் குடைந்தது. இப்போது அங்கே சொட்டு நீர் இல்லை. அருவி விழுந்த இடத்தில் நின்று அருவியைப் பார்க்க முடியாமல் திரும்புவதில் என்ன பயன் என்று ஓட்டுநர் கேட்டார். குழிக்குள் இறங்கிய பிள்ளைகள் மேலே வர மறுத்ததே விடையாக அமைந்தது.

5.4 ஓவன்ஸ் ஏரி: பாட்டியின் வினா

ஒலாஞ்சா ஊரில் மாட்டிறைச்சி ஜெர்க்கி விற்கும் கடை ஒன்று உண்டு. நம்மூர் உப்புக்கண்டத்தின் பங்காளி. சைவக் குடும்பங்கள் இதை விட்டுவிடலாம். ஊரைத் தாண்டியதும் வலப்பக்கம் விரிவது ஓவன்ஸ் ஏரி. வரைபடத்தில் நீலமாக இருப்பது கண்ணுக்கு வெளிறிய உப்பு நிலமாகவும், இடையிடையே கட்டப்பட்ட பாத்திகளில் தேங்கிய தண்ணீராகவும் தெரியும். 1870களில் மலைச்சுரங்கத்து வெள்ளிக் கட்டிகளை ஏற்றிக்கொண்டு இதே ஏரியில் நீராவிப் படகு போயிற்று. ஆற்றைக் கால்வாயில் திருப்பியபின் 1920களின் நடுவில் ஏரி வற்றிவிட்டது. வற்றிய படுகையிலிருந்து காற்றில் எழுந்த உப்புத்தூசி பல ஆண்டுகள் அமெரிக்காவின் மிக மோசமான தூசி மூலமாக இருந்தது. அதை அடக்க, தண்ணீரைக் கொண்டுபோன அதே நகரம் இப்போது ஏரிப் படுகையில் கொஞ்சம் தண்ணீர் பாய்ச்சியும் சரளை பரப்பியும் 200 கோடி டாலருக்கு மேல் செலவழித்திருக்கிறது.

சாலையோரம் நிறுத்தியபோது நடந்த உரையாடல் முழுமையாகப் பதிவு செய்யப்பட்டுள்ளது.

“ஏரின்னு சொன்னே, எங்கடா ஏரி?”

“இதுதாம்மா. தண்ணிய எல்.ஏ.வுக்குக் கொண்டு போயிட்டாங்க.”

“அப்ப நம்ம வீட்டுக் குழாய்ல வர்றது?”

“இங்கேருந்தும் வரும்மா.”

பாட்டி தன் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலைப் பார்த்தார். வீட்டுக் குழாயில் பிடித்து, காய்ச்சி ஆறவைத்து எடுத்து வந்தது. “வாங்கின எடத்துலயே கொண்டாந்து விட்டுட்டுப் போறோம்ங்குறே” என்றார். கொஞ்ச நேரத்துக்கு முன் கோசோ ஜங்ஷனில் நடந்த இயற்கை நிறுத்தத்தைத்தான் அவர் சொல்கிறார் என்பது மற்றவர்களுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. காவிரிக் கடைமடையில் வாழ்ந்தவரைத் தண்ணீர்க் கணக்கில் ஏமாற்ற முடியாது. கருதுகோள் இவ்விடத்தில் உறுதிப்பட்டது.

5.5 லோன் பைன்

இங்கு நிற்காமல் போவது ஆய்வு அறத்துக்கு முரண். அலாஸ்கா, ஹவாய் நீங்கலான அமெரிக்காவின் மிக உயர்ந்த சிகரமான விட்னி, 14,505 அடி, ஊருக்கு நேர் மேலே நிற்கிறது. அதே நாட்டின் மிகத் தாழ்ந்த இடமான டெத் வேலியின் பேட்வாட்டர், கடல்மட்டத்துக்கு 282 அடி கீழே, நேர்க்கோட்டில் நூறு மைலுக்குள் கிழக்கே இருக்கிறது. கார் நிறுத்துமிடத்தில் எல்லாக் குடும்பங்களிலும் ஒரே வழக்கு நடக்கும்: எது விட்னி? பெரியதாகத் தெரிவதைக் காட்டி அப்பா அடித்துச் சொல்வார். அது லோன் பைன் பீக். அருகில் இருப்பதால் உயரமாகத் தெரிகிறது. பின்னால் ஒதுங்கி, ஊசி ஊசியாகத் தெரியும் கூட்டத்தில் இருப்பதே விட்னி.

மலைக்கு முன் குவிந்திருக்கும் பழுப்புப் பாறைகள் அலபாமா ஹில்ஸ். நானூறுக்கும் மேற்பட்ட படங்கள் இங்கே எடுக்கப்பட்டுள்ளன. பெரும்பாலும் கௌபாய் படங்கள் என்றாலும், 1939இல் வெளியான ‘கங்கா தின்’ படத்தில் இந்தப் பாறைகள்தாம் இந்தியாவின் வடமேற்கு எல்லை. கோயில் செட்டும் கயிற்றுப் பாலமும் இங்கேயே போட்டார்கள். பிற்காலத்தில் ‘அயர்ன் மேன்’ படத்துக்கு இதே இடம் ஆப்கானிஸ்தான் ஆயிற்று. பாறைகள் பயணம் செய்யாமலே நாடு மாறுகின்றன. நாம் ஐந்து மணி நேரம் ஓட்டியும் ஒரே மாநிலத்தில் இருக்கிறோம்.

ஊரைத் தாண்டியதும் சாலையோரம் கால்வாயின் மதகு தெரியும். 1924 நவம்பரில் பள்ளத்தாக்கு விவசாயிகள் இம்மதகைக் கைப்பற்றித் திறந்து, தண்ணீரைத் தங்கள் பழைய ஏரிப் பக்கமே திருப்பி விட்டார்கள். நான்கு நாள் முற்றுகை. குடும்பங்கள் சோறு கட்டிக்கொண்டு வந்தன. அருகில் படப்பிடிப்பில் இருந்த நடிகர் டாம் மிக்ஸ் தன் இசைக்குழுவை அனுப்பிவைத்தார். போராட்டம் உணவும் பாட்டும் கூடிய நிறுத்தமாக மாறியதற்கு இதைவிடச் சிறந்த முன்னுதாரணம் ஆய்வாளருக்குக் கிட்டவில்லை.

5.6 மான்சனார்

வகைப்பாடு இவ்விடத்துக்குப் பொருந்தாது. ஆய்வாளர் தன் அளவுகோல்களை வண்டியிலேயே வைத்துவிட்டு இறங்குகிறார்.

1942 பிப்ரவரி 19இல் அதிபர் ரூஸ்வெல்ட் பிறப்பித்த ஆணையைத் தொடர்ந்து, மேற்குக் கரையில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினர் 1,10,000க்கும் மேற்பட்டோர் வீடுகளிலிருந்து வெளியேற்றப்பட்டுப் பத்து முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். அவர்களில் பெரும்பான்மையோர் அமெரிக்காவிலேயே பிறந்த குடிமக்கள். மான்சனார் முகாமில் மட்டும் உச்சத்தில் 10,000க்கு மேற்பட்டோர் இருந்தார்கள். 1945 நவம்பரில் மூடப்பட்டது. 1988இல் அரசு சட்டம் இயற்றி மன்னிப்புக் கேட்டு, உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டாலர் கொடுத்தது.

மரக் கொட்டகையின் மாதிரிக்குள் நுழைந்தால் பலகை இடுக்கு வழியே காற்று உள்ளே வரும். முகாமுக்கு முன்பு இது ஆப்பிள் தோட்டங்கள் நிறைந்த சிற்றூர். தண்ணீருக்காக நிலத்தை லாஸ் ஏஞ்சலஸ் நகரம் வாங்கியபின் ஊர் கலைந்தது. அந்த நிலத்தைத்தான் ராணுவம் நகரத்திடம் குத்தகைக்கு எடுத்தது. அடைபட்ட மக்கள் அங்கே கல் அடுக்கி, குளம் வெட்டி, தோட்டம் போட்டார்கள். மண்மூடிப் போன அந்தக் குளங்களைத் தோண்டி எடுத்து வைத்திருக்கிறார்கள். பனிச்சறுக்குக்குக் கிளம்பிய பிள்ளைகளிடம் இதை எப்படிச் சொல்வது என்று தயங்குவோருக்கு, முகாமில் அவர்கள் வயதுப் பிள்ளைகளும் இருந்தார்கள் என்பது போதும்.

5.7 பிஷப்

இங்கே சர்ச்சையே இல்லை. ஷாட்ஸ் பேக்கரியில் நில்லாமைக் கொள்கையரும் நிற்கிறார். இடையர் ரொட்டி என்று பெயர் பெற்ற உருண்டை ரொட்டி, சியரா அடிவாரத்தில் ஆடு மேய்த்த பாஸ்க் இன இடையர்களின் வழக்கத்திலிருந்து வந்தது. மண்ணில் குழி தோண்டி, தணலில் இரும்புச் சட்டியைப் புதைத்து அவர்கள் சுட்டார்கள். வார இறுதியில் வரிசை நீளும். மிளகாயும் சீஸும் வைத்துச் சுட்டதைப் பாட்டி ஒரு விள்ளல் பிட்டு வாயில் போட்டுவிட்டு, “காரம் பத்தலை, ஆனா வெந்திருக்கு” என்றார். அவர் வாயில் இது நற்சான்று.

ஆய்வுக்குரியது ரொட்டி அன்று, அதன் பின் நடப்பது. புளியோதரை தூக்குவாளியில் இருக்கும்போதே வெளியில் வாங்கிய ரொட்டி வண்டிக்குள் வருகிறது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஒன்றும் சொல்லாமை ஷெர்வின் ஏற்றம் வரை நீடித்தது.

5.8 ஷெர்வின் ஏற்றமும் ஆணை நிறுத்தமும்

பிஷப் ஊர் 4,000 அடிக்குச் சற்று மேலே. அடுத்த அரைமணியில் சாலை 7,000 அடிக்கு ஏறுகிறது. ஏறுவதை உணர உயரமானி தேவையில்லை. பிள்ளைகள் பிரிக்காமல் வைத்திருந்த சிப்ஸ் பாக்கெட் வெளிக்காற்றின் அழுத்தம் குறையக் குறைய உப்பிப் புடைத்து, சில வேளை நடு இருக்கையில் வெடிக்கவும் கூடும். காது அடைக்கும். ஏறும் மலையே 7,60,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்த எரிமலையின் சாம்பல் இறுகியது. அந்தச் சாம்பல் நெப்ராஸ்கா வரை போய் விழுந்திருக்கிறது. வெடித்து உள்ளிறங்கிய வாயின் மேல்தான் இனி மம்மத் வரை ஓட்டப்போகிறோம்.

பனி கொட்டும் நாளில் சாலைத் துறையினர் நிறுத்துவார்கள். ஆணை மூன்று நிலை. ஆர்-1 என்றால் பனி டயர் உள்ள சிறு வண்டி போகலாம். ஆர்-2 என்றால் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி, நான்கிலும் பனி டயரோடு, சங்கிலியைக் கையில் வைத்துக்கொண்டு போகலாம். மற்றவர்கள் பூட்ட வேண்டும். ஆர்-3 என்றால் விதிவிலக்கே இல்லை. அந்நிலையில் ஊர் திரும்புவதைப் பழைய உரையாசிரியர்கள் செலவழுங்குதல் என்பார்கள்.

முன்சக்கரம் இழுக்கும் வண்டியின் ஆர்-2 நிகழ்வு இங்கே உற்றுநோக்கப்பட்டது. காலியான சோனா மசூரி அரிசிச் சாக்கைப் பிரித்துப் பனிச்சேற்றில் விரித்தார் அப்பா. சங்கிலியை முறுக்கெடுத்து, டயருக்குப் பின்னால் கையை விட்டு உட்கொக்கியை மாட்ட வேண்டும். கையுறை போட்டால் கொக்கி தெரியாது, கழற்றினால் விரல் தெரியாது.

“ஏங்க, கொக்கியோட வாய் வெளிப்பக்கம் பார்த்து இருக்கணும்னு வீடியோல சொன்னானே?”

“தெரியும்.”

“டயர்ல குத்திடப் போகுதுன்னு சொல்றேன்.”

“தெரியும்னு சொல்றேன்ல.”

கொக்கி திருப்பப்பட்டது. சில அடி ஓட்டி, இறங்கி, மீண்டும் இறுக்கினார். அதன்பின் மணிக்கு 25, 30 மைலுக்கு மேல் போகக்கூடாது. சக்கரம் கடகடவென்று அடிக்கும் தாளத்தில் செயலியின் வந்துசேரும் நேரம் ஒவ்வொரு நிமிடமாகப் பின்னுக்குப் போயிற்று. நில்லாமைக் கொள்கை இவ்விடத்தில் நிலைகுலைகிறது.

5.9 க்ரோலி ஏரி

இடைவழியில் நீண்டு கிடக்கும் நீர் இது. 1941இல் கால்வாய்க்காகவே கட்டிய அணை. பெயர் தாங்கியிருக்கும் ஜான் க்ரோலி கத்தோலிக்கப் பாதிரியார். தண்ணீர் போய் நொடித்திருந்த பள்ளத்தாக்கு, மீன் பிடிக்கவும் மலை பார்க்கவும் வருகிறவர்களை நிறுத்தினால் பிழைத்துக்கொள்ளும் என்று ஊர் ஊராகச் சொன்னவர். 1940இல் நெடுஞ்சாலையில், குறுக்கே வந்த மாட்டால் நேர்ந்த விபத்தில் இறந்தார். வழியில் நிற்பவர்களால் ஒரு வட்டாரம் வாழ முடியும் என்று முதலில் கண்ட அவரே இத்துறையின் முன்னோடி.

6. தடையும் விடையும்

தடை: பனிச்சறுக்குதான் நோக்கம் எனில், வழியில் வற்றிய ஏரியையும் மதகையும் பார்ப்பது நோக்கத்திலிருந்து வழுவுதல் ஆகாதோ?

விடை: ஆகாது. பனிச்சறுக்குத் தளமே தண்ணீர்த் துறையின் பக்கவிளைவு. மம்மத் மலையில் தளத்தை உண்டாக்கிய டேவ் மெக்காய், லாஸ் ஏஞ்சலஸ் தண்ணீர்த் துறையில் நீர் அளவை பார்த்த ஊழியர். மலைப்பனியில் சறுக்குப் பலகையில் போய், உள்ளீடற்ற நீண்ட குழாயைப் பனிக்குள் இறக்கி, எடுத்து, எடை போடுவது அந்த வேலை. பனியின் உயரம் ஏமாற்றும், எடைதான் எத்தனை நீர் இருக்கிறது என்று சொல்லும். கோடையில் நகரத்துக்கு எவ்வளவு தண்ணீர் வரும் என்று அளக்கப் போனவருக்கு, எந்த மலையில் பனி மிகுதி என்பது தெரிந்துவிட்டது. 1953இல் வனத்துறை அனுமதி பெற்றார், 1955இல் முதல் நாற்காலி லிஃப்ட் ஓடியது. 104 வயது வரை வாழ்ந்து 2020இல் மறைந்தார்.

ஆகவே மலையின் கிழக்குச் சரிவில் நாம் விழுந்து புரளும் பனி, உருகி, ஓடையாகி, ஓவன்ஸ் ஆற்றில் சேர்ந்து, க்ரோலி ஏரியில் தங்கி, மான்சனாரையும் லோன் பைனையும் வற்றிய ஏரியையும் கடந்து, சில்மார் படிகளில் இறங்கி, நம் வீட்டுக் குழாய்க்கு வருகிறது. பனியைப் பார்க்க நாம் 300 மைல் ஏறினோம். வீட்டிலேயே இருந்திருந்தால் கோடையில் அதுவே வந்திருக்கும்.

மறுதடை: எனில் போகாமலே இருக்கலாமே?

விடை: வரும் தண்ணீர் வழியில் நிற்பதில்லை. அது எங்கெங்கே நிற்காமல் போயிற்று என்பதைக் காண யாராவது ஒருவர் நிற்க வேண்டும். மேலும், அதுவும் ஒருமுறை நின்றது. 2022–23 பனிக்காலத்தில் மம்மத் மலையின் பிரதான தளத்தில் 715 அங்குலம் பனி கொட்டியது, ஏறத்தாழ 60 அடி. தளம் ஆகஸ்டு வரை திறந்திருந்தது. அந்தப் பனியும் மழையும் வெள்ளமாகி இறங்கியபோது 2023 மார்ச்சில் ஒலாஞ்சா அருகே கால்வாயின் கரை உடைந்தது. கால்வாய்க்குக் கொள்ளாத நீர் ஓவன்ஸ் ஏரிக்கே போய் நின்றது. வரைபடத்தின் நீலம் சில மாதங்கள் உண்மையாயிற்று. அப்போது அவ்வழியே போனவர்கள் ஓட்டுநரைக் கேட்காமலே வண்டியை நிறுத்தினார்கள்.

7. ஆய்வு முடிவுகள்

(அ) தகுந்த நிறுத்தம் என்பது, பயணி உட்கொண்ட நீரும் நிலத்தைக் கடந்துபோன நீரும் சந்திக்கும் இடம். கழிப்பறை மட்டும் உள்ள இடம் அரைத்தகுதி. வரலாறு மட்டும் இருந்து கழிப்பறை இல்லாத இடத்துக்குப் பாட்டியை அழைத்துச் செல்லக்கூடாது.

(ஆ) ஒரே நாளில் எல்லா இடத்திலும் நிற்க முடியாது. போகும்போது லோன் பைன், மான்சனார், பிஷப் மூன்றும் போதும். பகல் வெளிச்சம் இருக்கும்போதே ஷெர்வின் ஏற்றத்தை எட்ட வேண்டும், ஏனெனில் சங்கிலியை இருட்டில் பூட்டிய குடும்பங்களில் அன்றிரவு பேச்சு வார்த்தை இருப்பதில்லை.

(இ) சங்கிலியை வாங்கிய அன்றே வீட்டு வாசலில், உலர்ந்த தரையில், ஒருமுறை பூட்டிப் பழக வேண்டும். எந்தக் குடும்பமும் இதைச் செய்யாது எனினும் பரிந்துரைப்பது ஆய்வாளரின் கடமை.

(ஈ) புளியோதரை பிஷப்புக்கு முன்பே உண்ணப்பட வேண்டும். காரணம் 5.7இல் கூறப்பட்டது.

8. மேலாய்வுக்கு உரியன

வாக்குறுதி நிறுத்தம் குறித்து இவ்வாய்வு தொடக்கநிலைக் குறிப்பு மட்டுமே தந்துள்ளது. திரும்பும் பயணத்தில் அவ்விடங்கள் ஒவ்வொன்றையும் கடக்கும்போது வண்டிக்குள் நிகழும் மௌனம், பொய்த்தூக்கம், “அடுத்த வருஷம் கண்டிப்பா” என்னும் சொற்றொடரின் பரவல் ஆகியவை விரிவாக ஆராயப்பட வேண்டும். இதற்கு ஆய்வு உதவியாளர் ஒருவர் தேவை. மலைச்சாலையில் வாந்தி எடுக்காதவராகவும், பின்னிருக்கையில் பனிக்காலணிகளுக்கு நடுவே உட்காரச் சம்மதிப்பவராகவும் இருத்தல் நலம். ஓட்டுநர் உரிமம் உள்ளோர் விண்ணப்பிக்க வேண்டா. அவர்கள் வழக்கில் ஒரு தரப்பினர்.